சங்கு திட்டுகிறது என்று எழுதினேன்

ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவில் என்னோடு பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நமக்கெல்லாம் ஐம்பது தாண்டிவிட்டது. பாதிப் பேர் பேரப்பிள்ளை எடுத்தாயிற்று. கல்யாண வீடுகளில் பார்க்கும்போது, “அன்னைக்கு நீ கொஞ்சம் தணிஞ்சு போயிருக்கலாம்டி” என்று இன்னும் சிலர் சொல்கிறீர்கள். அந்த டீச்சர் பாவம் என்கிறீர்கள். நான் ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும் என்கிறீர்கள். நான் கேட்கவில்லை. இன்றைக்கு அதே அறையில் அதே வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாலும் கேட்க மாட்டேன். ஏன் என்று ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். பொறுமையாகக் கேளுங்கள்.

எண்பதுகளின் பின்பாதி அது. ராஜபாளையத்தில் நம் பள்ளிக்கூடத்துக்கு அப்போது ஓட்டுக் கூரை. மேற்கு ஜன்னல் வழியாக அய்யனார் கோவில் மலை தெரியும். மலை மேல் மழை இறங்குவது தெரிந்தால், குடை கொண்டு வராதவள்களுக்குப் பாடத்திலிருந்து கவனம் போய்விடும். நாம் எல்லாரும் தமிழ் மீடியம். இங்கிலீஷ் நமக்கு மற்ற பாடங்களைப் போல மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற ஒரு பாடம், அவ்வளவுதான். அதில் யாராவது பேசுவார்கள், சண்டை போடுவார்கள், சிரிப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த வருஷம்தான் ‘ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச்’ வந்தது. சிமிலி, மெட்டஃபர், பெர்சானிஃபிகேஷன், ஹைப்பர்பலி, ஆக்ஸிமோரான், ஆனமட்டோபியா. உவமை, உருவகம், உயர்வு நவிற்சி என்று தமிழய்யா முந்தின வருஷமே நடத்தியிருந்தார். ஆனால் அதுவும் இதுவும் ஒரே சங்கதிதான் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. நாமாகவும் யோசிக்கவில்லை. தமிழய்யா நோட்டு ஒரு பக்கம், இங்கிலீஷ் நோட்டு ஒரு பக்கம். ஹைப்பர்பலியை எழுத்துக் கூட்டி ‘ஹைப்பர்போல்’ என்று வாசித்து அடி வாங்கியவள்கள் இப்போதும் சிலர் உள்ளூரில்தான் இருக்கிறீர்கள். ஆனமட்டோபியாவுக்கு ஸ்பெல்லிங் நிற்காது. அதற்கு வழி கண்டுபிடித்தது என் பக்கத்து இருக்கைக்காரி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். இடைவேளையில் கயிறு தாண்டும்போது, “ஓ-என்-ஓ, எம்-ஏ-டி-ஓ, பி-ஓ-இ-ஐ-ஏ” என்று பாடிக்கொண்டே தாண்டுவாள். ஒரு வாரத்தில் வகுப்பே தாண்டியது. இன்றைக்கும் எனக்கு அந்தச் சொல்லை உட்கார்ந்துகொண்டு எழுத வராது. கால் தரையில் தட்டினால்தான் வரும்.

இங்கிலீஷ் டீச்சர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். கஞ்சி போட்டு விறைத்து நிற்கிற நூல் சேலை. அவர் நடந்தால் சேலை மொரமொரவென்று சத்தம் போடும். வராந்தாவில் அந்தச் சத்தம் கேட்டதும் வகுப்பு அடங்கிவிடும். ரெக்சின் பையில் பிரவுன் அட்டை போட்ட ஒரு நோட்டு வைத்திருப்பார். பல வருஷமாக அதே நோட்டு. ஓரமெல்லாம் எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கும். அதைப் பார்த்துத்தான் டிக்டேட் செய்வார். கமா, ஃபுல்ஸ்டாப் எல்லாவற்றையும் வாயால் சொல்வார். கடைசி பெஞ்சில் ஒருத்தி ‘கமா’ என்பதையும் சொல்லாகவே நோட்டில் எழுதிவைத்து அழுதாளே, அவள் இப்போது மதுரையில் பெரிய நகைக்கடைக்காரர் வீட்டில் மருமகள்.

ஒரு வகைக்கு ஒரு விளக்கம், ஒரு உதாரணம். அதுதான் சட்டம். இரண்டையும் அச்சு மாறாமல் எழுத வேண்டும். சிமிலிக்கு உதாரணம், ‘பனி போல வெள்ளை’. மார்கழியில் தலையை நனைத்துச் சளி பிடிக்கவைக்கிற பனிதான் நமக்குத் தெரியும். அது எங்கே வெள்ளை?

பக்கத்து இருக்கைக்காரி எழுந்து கேட்டே விட்டாள். “டீச்சர், பனிக்கு நெறமே கெடையாதே டீச்சர்.”

“அது வேற பனி. எழுது.”

நமக்குத் தெரிந்த வெள்ளை பஞ்சு. ஊர் பூராவும் பஞ்சு. பஞ்சு மார்க்கெட் பக்கம் நடந்து வந்தால் பாவாடையில் ஒட்டும். என் அப்பா மில்லில் ப்ளோ ரூமில் வேலை பார்த்தார். பொதியாக வருகிற பஞ்சைப் பிரித்து மெஷினுக்குக் கொடுக்கிற இடம் அது. ஷிப்ட் முடிந்து வரும்போது புருவம், காது மடல், மூக்கு முடி எல்லாம் வெள்ளையாக இருக்கும். அம்மா வீட்டில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணியைச் சுருட்டுவாள். அதைவிட வெள்ளை எதுவும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் பரீட்சையில் பனி என்றுதான் எழுத வேண்டும். சரி என்று எழுதினேன். அதுவரை நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன்.

மாறியது ஒரு காலையில். எங்கள் தெரு மில்லுக்குப் பின்புறம். ஆறு மணி ஷிப்டுக்கு முந்தி சங்கு ஊதும். தகர டப்பாக்கள் அதிரும். அம்மா என் போர்வையை உருவிக்கொண்டே, “ஏட்டி, எந்திரி. அந்தா சங்கு வையுது பாரு. கேட்டும் கேக்காத மாதிரி படுத்துக் கெடக்க” என்றாள். வையுது என்றால் நம் பக்கத்தில் திட்டுகிறது என்று அர்த்தம். தினமும் சொல்கிறதுதான். அன்றைக்கு மட்டும் நான் விசுக்கென்று எழுந்து உட்கார்ந்தேன். உயிரில்லாத பொருளை மனுஷரைப் போல நடத்துவது. டீச்சர் டிக்டேட் செய்த விளக்கம் அப்படியே என் அம்மா வாயில் இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு வேலையாகப் போயிற்று. ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். “வெயிலு மண்டையப் பொளக்கு” என்று தயிர்க்காரி சொன்னால் ஹைப்பர்பலி. “பஸ்ஸு மேட்டுல மூச்சு வாங்குது” என்று அப்பா சொன்னால் பெர்சானிஃபிகேஷன். மில்லுக்குள் தறி ஓடுகிற சத்தத்தை அப்பா வாயால் செய்துகாட்டினால் அது சத்தத்தையே சொல்லாக்குவது, கயிறு தாண்டிப் படித்த அந்தச் சொல். தெருவில் ஒரு மணி நேரம் நின்றால் ஒரு பக்கம் நிறைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இங்கிலீஷ்காரன் பேர் வைத்திருக்கிறான், சரக்கு எங்கள் தெருவில் கிடக்கிறது.

அரைப் பரீட்சை வந்தது. பெர்சானிஃபிகேஷன் விளக்கி உதாரணம் தருக என்று கேள்வி. நோட்டில் உள்ள உதாரணம், ‘நிலா நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது’. எனக்கு அது நன்றாகத் தெரியும். வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ‘மில் சங்கு தினமும் எங்கள் தெருவைத் திட்டுகிறது’ என்று இங்கிலீஷில் எழுதினேன். திட்டுவதற்கு என்ன சொல் என்று ஒரு வாரம் முன்பே நூலகத்து அகராதியில் பார்த்து வைத்திருந்தேன்.

விடைத்தாள் கொடுத்த அன்று அந்தக் கேள்விக்கு நேரே பெரிய முட்டை. விளக்கம் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தேன், அதற்கும் சேர்த்து முட்டை. எழுந்து நின்றேன்.

“என்ன?” என்றார் டீச்சர்.

“இதுக்கு ஏன் டீச்சர் மார்க் இல்ல?”

“இத எங்க இருந்து எடுத்த?”

“எங்கயும் எடுக்கல டீச்சர். எங்கம்மா சொல்றது.”

“உங்கம்மா சொல்றதெல்லாம் ஃபிகர் ஆஃப் ஸ்பீச் ஆயிராது. நோட்ஸ்ல என்ன குடுத்திருக்கேன்?”

“நிலா சிரிக்குது டீச்சர்.”

“அத எழுதணும்.”

“நிலா சிரிக்கலாம், சங்கு வையக்கூடாதா டீச்சர்?”

நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புதான் எனக்கு வினையாயிற்று. நிலா வாக்கியத்தை ஐம்பது தடவை எழுதிக்கொண்டு வரச் சொன்னார். நான் ஐம்பது தடவை எழுதினேன். நிலா இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் சங்கு இருந்தது. அதற்கு ஒரு வாரம் இங்கிலீஷ் பீரியட் முழுக்க வராந்தாவில் நின்றேன். ஜன்னல் வழியாகப் பாடம் காதில் விழுந்தது. சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்து பின்னலெல்லாம் வெள்ளை. பக்கத்து இருக்கைக்காரி தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே வந்து, “ஏமே, ஒரு நிலாவ எழுதிட்டு உள்ள வாயேன்” என்று கெஞ்சினாள். மாட்டேன் என்றேன்.

தை பிறந்ததும் இன்ஸ்பெக்‌ஷன் என்று சொன்னார்கள். அந்தப் பத்து நாள் பள்ளிக்கூடம் பட்ட பாடு உங்களுக்கு மறந்திருக்காது. வராந்தாவுக்கு வெள்ளையடித்தார்கள். செம்பருத்திச் செடிக்குக் காவி பூசிய செங்கல் வரம்பு வந்தது. டீச்சர் ஆளுக்கொரு வகையைப் பிரித்துக் கொடுத்தார். அதிகாரி எதைக் கேட்டாலும் எல்லாரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவள் வலது கை, தெரியாதவள் இடது கை. பார்க்கிறவருக்கு வகுப்பே கெட்டிக்கார வகுப்பாகத் தெரியும். என்னைக் கடைசி பெஞ்சில் நெட்டையானவளுக்குப் பின்னால் உட்காரவைத்தார். “நீ ரெண்டு கையையும் தூக்கக் கூடாது” என்றார்.

வந்த அதிகாரிக்குச் சஃபாரி சூட். பின்னாலேயே பெரிய டீச்சர், அதாவது நம் தலைமையாசிரியை, கையைக் கட்டிக்கொண்டு வந்தார். அதிகாரி சிமிலி கேட்டார். முப்பது வலது கைகள் எழுந்தன. பனி போல வெள்ளை. ஹைப்பர்பலி கேட்டார். வந்தது. எல்லாம் டக்டக்கென்று வரவும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பெர்சானிஃபிகேஷனுக்கு ஒரு எக்ஸாம்பிள். நோட்ஸ்ல இருக்கிறது வேண்டாம். சொந்தமா ஒண்ணு. யாரு?”

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. வலதும் இறங்கியது, இடதும் இறங்கியது. டீச்சர் கரும்பலகைப் பக்கம் நின்று சாக்பீஸை உருட்டிக்கொண்டிருந்தார். நான் கை தூக்கினேன். வலது கை.

“த மில் சைரன் ஸ்கோல்ட்ஸ் அவர் ஸ்ட்ரீட் எவ்ரி மார்னிங்” என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “சைரன் திட்டுமா? மெஷினுக்கு ஏது வாய்? நிலா, காத்து, கடல், இந்த மாதிரி இயற்கையத்தான் சொல்லணும். மெஷின் வராது. அப்பா என்ன பண்றார்?”

“மில்லுல வேல சார்.”

“அதான பார்த்தேன்” என்று சிரித்தார். பெரிய டீச்சரும் சிரித்தார். பிறகு அதிகாரி இங்கிலீஷ் டீச்சர் பக்கம் திரும்பி, “இதத்தான் நடத்துறீங்களா?” என்றார்.

இந்த இடத்தை நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ‘நான் அவளுக்கு முட்டை போட்டேன் சார்’ என்று டீச்சர் சொல்லியிருந்தால் போதும். அது உண்மையும்கூட. விடைத்தாள் கட்டு அலமாரியில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் அவருக்கு நல்ல பேர்.

டீச்சர் சாக்பீஸை மேஜையில் வைத்தார். “அது சரிதான் சார்” என்றார்.

“என்ன சரி?”

“உயிரில்லாத பொருள மனுஷர் மாதிரி பாவிக்கிறது. நான் அப்படித்தான் டெஃபனிஷன் குடுத்திருக்கேன். சைரனுக்கு உயிரில்ல. அவ திட்டுதுன்னு சொல்றா. மெஷின் கூடாதுன்னு எங்க சார் போட்டிருக்கு? புக்கு இங்க இருக்கு. காட்டுங்க, மாத்திக்கிறேன்.”

அதிகாரி முகம் சிவந்துபோயிற்று. எத்தனை வருஷம் சர்வீஸ் என்று கேட்டார். பதினெட்டு என்றார் டீச்சர். “பதினெட்டு வருஷமா இதத்தான் பண்ணியிருக்கீங்க” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பெரிய டீச்சர் பின்னால் ஓடினார். டீச்சர் நம் பக்கம் திரும்பி, “புக்க எடுங்க” என்றார். பீரியட் முடிகிறவரை பாடம் நடத்தினார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

மறுநாள் பெரிய டீச்சர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேஜை மேல் இரண்டு வெள்ளைத் தாள் இருந்தது. ஒன்று டீச்சருக்கு, ஒன்று எனக்கு. திமிரில் தப்பாகப் பதில் சொன்னேன், என்னை மன்னிக்க வேண்டும் என்று நான் எழுத வேண்டும். தப்பை ஆதரித்துப் பேசினேன் என்று டீச்சர் எழுத வேண்டும்.

“நீ எழுதிக் குடுத்தா விஷயம் உன்னோட போயிரும். டீச்சர் மேல ரிமார்க் வராது. இல்லன்னா அவங்க தல உருளும். யோசிச்சுக்கோ. அதோட, மில்லப் பத்தி என்ன பேச்சு பேசியிருக்க? இந்தப் பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு செஞ்சு குடுத்ததே மில்லுக்காரங்கதான்.”

மில்லைப் பற்றி நான் ஒன்றுமே தப்பாகப் பேசவில்லை என்றேன். திங்கட்கிழமை வரை நேரம் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை பக்கத்து இருக்கைக்காரியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். டீச்சர் வீடு தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. விசாரித்துப் போய்ச் சேர்ந்தோம். வாசல் கொடியில் கஞ்சியில் நனைத்த சேலைகள் ஆறு சொட்டிக்கொண்டிருந்தன. வடித்த கஞ்சி வாடை சந்து முழுக்க. டீச்சர் எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத் தலையோடு, நைந்துபோன ஒரு சேலையில் வெளியே வந்தார். கஞ்சி இல்லாத சேலையில் அவரைப் பார்க்கச் சின்ன ஆளாகத் தெரிந்தார்.

“இங்க எதுக்கு வந்த?”

சொன்னேன். நான் எழுதிக் கொடுத்தால் அவருக்கு ஒன்றும் வராதாமே, எழுதட்டுமா என்று கேட்டேன். அந்தக் கேள்வி கேட்க எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுத எனக்கு இஷ்டமில்லை என்று முகத்தில் தெரிந்திருக்கும்.

“நீ சொன்னது தப்பா?”

“இல்ல டீச்சர்.”

“பொறவு என்னத்த எழுதுவ? எழுதாத.”

“ஒங்களுக்கு எடஞ்சல் வருமே டீச்சர்.”

“வரட்டும். நான் என்ன உனக்காகவா பேசினேன்? நான் டிக்டேட் பண்ணின டெஃபனிஷன என் கிளாஸ்லயே நின்னு ஒருத்தர் தப்புங்கிறார். வாய மூடிக்கிட்டு இருக்கச் சொல்றியா? நானும் எழுதிக் குடுக்கப் போறதில்ல.”

எனக்குத் திடீரென்று தைரியம் வந்தது. “அப்ப ஏன் டீச்சர் முட்டை போட்டீங்க?”

பக்கத்து இருக்கைக்காரி என் முதுகில் கிள்ளினாள். டீச்சர் கொடியில் கிடந்த சேலையை இழுத்து நேராக்கினார்.

“பேப்பர் திருத்துறவங்க நோட்ஸப் பார்த்துத்தான் மார்க் போடுவாங்க. பப்ளிக் பரீட்சையில உன் மில்லையும் சங்கையும் எவன் கண்டான்? ஒரு மார்க்குல ஃபெயிலானா உங்கப்பா திரும்பப் படிக்க வைப்பாரா? மாப்பிள்ள பார்ப்பாரு.” துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டார். “அந்த மார்க்க மாத்த மாட்டேன். போங்க, ஒரு மணி பஸ்ஸ விட்டா மூணு மணிக்குத்தான்.”

உள்ளே போய் இரண்டு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார். உப்பு அதிகம். குடித்துவிட்டு வந்தோம்.

திங்கட்கிழமை என் தாளை வெறுந்தாளாகவே திருப்பிக் கொடுத்தேன். டீச்சர் தாளும் அப்படியே கிடந்தது. பெரிய டீச்சர் என் அப்பாவுக்கு ஆள் அனுப்பினார்.

அப்பா அப்போது மில்லில் டெம்பரரி. ஆறு வருஷமாக டெம்பரரி. அந்த வருஷம் பெர்மனென்ட் ஆக்குகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அவரிடம் பெரிய டீச்சர் சொன்னது இவ்வளவுதான்: உங்கள் மகள் அதிகாரி முன்னால் மில்லைப் பற்றிக் கேவலமாகப் பேசிவிட்டாள். அப்பா ஷிப்ட் உடுப்போடு, புருவத்தில் பஞ்சோடு நின்று, மேஜையில் இருந்த இங்கிலீஷ் கடிதத்தின் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பிரேயரில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு அந்தக் கடிதத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னபோதுதான் எனக்குத் தெரியும். நான் தப்பாகச் சொன்னதாக என் பேரில் எழுதிய மன்னிப்பு, கீழே அப்பா பெயர். ‘ன்’ மேல் புள்ளியை அழுத்தி வைப்பார், அது பின்பக்கம் வரை இறங்கியிருந்தது. நீங்கள் எல்லாரும் வரிசையாக நின்றீர்கள். இங்கிலீஷ் டீச்சர் மற்ற டீச்சர்களோடு ஓரத்தில் நின்றார். எனக்குக் கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை.

“இத நான் எழுதல” என்றேன். மைக் இல்லை, கத்தித்தான் சொன்னேன். “எங்கப்பாவும் எழுதல. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரியாத ஒண்ணுல கையெழுத்து வாங்கியிருக்காக. நான் சொன்ன பதில் சரி. நான் வாசிக்க மாட்டேன்.”

கடிதத்தை நாலாக மடித்துப் பெரிய டீச்சர் கையில் கொடுத்துவிட்டு இறங்கி வந்தேன். எல்லாரும் தரையைப் பார்த்தீர்கள். நான் குறை சொல்லவில்லை, ஆனால் பார்த்தீர்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. “என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டயே” என்று மட்டும் சொன்னார். அம்மா பேண்டேஜ் சுருட்டுவதை நிறுத்திவிட்டு, “அப்படி என்னதான்டி சொன்ன?” என்று கேட்டாள். சொன்னேன். அவள் முழித்தாள். “சங்கு வையுதுன்னா? அது நான் சொல்றதுல்லா? அதுக்கா இம்புட்டு?” அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். பங்குனி வரைக்கும் என்னோடு பேசவில்லை.

அடுத்த வருஷம் அவரைப் பெர்மனென்ட் ஆக்கினார்கள். இப்படி ஒரு சங்கதி நடந்ததே மில்லில் யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள மில்லுக்கு என்ன தலையெழுத்து? அவர் ரிட்டயர் ஆனபிறகு ஒருநாள் அதைச் சொல்லிக் காட்டினேன். “இருக்கட்டும். பயந்தது பயந்ததுதான” என்றார். அவரை நான் மன்னித்துவிட்டேன். அந்தக் கையெழுத்தை வாங்கியவரை மன்னிக்கவில்லை.

டீச்சரை வத்திராயிருப்புக்கு மாற்றினார்கள், வருஷம் முடியக்கூட விடாமல். அதற்கு நான் காரணம் என்றுதானே சொல்கிறீர்கள்? அந்த மேஜையில் இரண்டு வெறுந்தாள் இருந்தது. ஒன்றுதான் என்னுடையது. அவருடையதை நிரப்பாமல் விட்டது அவர் இஷ்டம். அதை என் தலையில் போட்டு, அவரைப் பாவம் என்று ஆக்காதீர்கள். அவர் பாவம் இல்லை.

பிறகு என் கதை பெரிசாக ஒன்றுமில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் நிலா சிரிக்கிறது என்றே எழுதினேன், மார்க் வாங்கினேன். அவர் சொன்ன ஒரு மார்க்குக் கணக்கு எனக்கு அதற்குள் புரிந்திருந்தது. டைப்ரைட்டிங் படித்து, தொண்ணூறுகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலிடம் வேலைக்குச் சேர்ந்தேன். வன்னியம்பட்டியிலிருந்து வந்த ஒரு பெண் வாக்குமூலத்தில், “கெணறு எங்கள ஏமாத்திருச்சுய்யா” என்றாள். கிணற்றில் நீர் வற்றியது என்று அடி என்றார் வக்கீல். அவள் சொன்னதை அப்படியே அடித்துக் கொடுத்தேன். திட்டினார். மறுபடியும் அப்படியே அடித்தேன். மூன்றாவது தடவை கையெழுத்துப் போட்டுவிட்டார்.

டீச்சர் நம் வகுப்புக்குக் கடைசியாக வந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். மாசி மாதம், வெள்ளிக்கிழமை. யாரும் அழக் கூடாது என்று வந்ததுமே சொன்னார். போகிறேன் வருகிறேன் என்றெல்லாம் பேசவில்லை. பிரவுன் நோட்டைத் திறந்து, இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்றார். ஐரனி. சொல்வது ஒன்றாகவும் நடப்பது அதற்கு நேர் எதிராகவும் இருப்பது. கமா, ஃபுல்ஸ்டாப்போடு டிக்டேட் செய்தார். ‘எக்ஸாம்பிள்’ என்று எழுதி இரண்டு புள்ளி வைக்கச் சொன்னார். நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார்.

“சொல்லுங்க டீச்சர்” என்றாள் ஒருத்தி.

“நீங்களே எழுதுங்க.”

யாருக்கும் கை ஓடவில்லை. அவர் காத்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேனாக்கள் நகர ஆரம்பித்தன. சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு முதல் பெஞ்சிலிருந்து வந்தார், சேலை மொரமொரவென்று. ஒவ்வொருத்தி நோட்டையும் குனிந்து வாசித்தார். சிலதுக்கு டிக், சிலதுக்கு அடித்தல். கடைசி பெஞ்சுக்கு வந்தார். பாடம் தெரிந்ததற்காகப் பள்ளிக்கூடம் டீச்சரைத் தண்டித்தது என்று இங்கிலீஷில் எழுதியிருந்தேன். அதை வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். பேனா தாளுக்கு மேலேயே நின்றது.

“பனிஷ்டுக்கு ஒரு ‘என்’ போதும்” என்றார்.

கூடுதலாக இருந்த அந்த ஒரு எழுத்தை மட்டும் அடித்தார். பக்கத்தில் டிக் போட்டுவிட்டு, அடுத்தவள் நோட்டை எடுத்தார்.